ஷெர்லி டெம்பிளும் 1967-இன் திறந்த வாக்குச்சீட்டும்

படப்பெட்டி:

மூன்று வாரமாக, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் நடித்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். சின்ன வயதில் அப்பா வாடகைக்கு எடுத்து வந்த கேசட்டில் ஒரே ஒரு படம் பார்த்தது. சுருட்டை முடி, கன்னக்குழி, ஒரு பாட்டு. அவ்வளவுதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய கலைஞரை எவ்வளவு சின்னதாக நினைத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

'பிரைட் ஐஸ்' 1934 டிசம்பரில் வந்தது. அப்போது அவருக்கு ஆறு வயது. விமானத்துக்குள் பெரிய ஆண்கள் நடுவில் நடந்துகொண்டே அந்த லாலிபாப் கப்பல் பாட்டைப் பாடுவார். ஒவ்வொருவரிடமும் நிற்கும் நேரம், திரும்பும் நேரம், அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும் நேரம் எல்லாம் தாளத்தில் அச்சாக உட்காரும். 'தி லிட்டில் கர்னல்' படத்தில் தூங்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையை, பில் ராபின்சன் படிக்கட்டில் ஆடிக்காட்டி மேலே கூட்டிப்போவார். 1935-இல் அமெரிக்கத் திரையில் ஒரு கறுப்பினக் கலைஞரும் ஒரு வெள்ளைக் குழந்தையும் கைகோத்து ஆடுகிறார்கள். குழந்தையின் கண் முழுவதும் ராபின்சனின் காலில்தான். கற்றுக்கொள்ளும் ஆசை முகத்தில் அப்படியே தெரியும். அதை நடித்து வரவைக்க முடியாது.

1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்காவின் வசூல் நட்சத்திரங்களில் முதலிடம் அவருக்குத்தான். நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த நேரம் அது. 22 வயதில், 1950-இல், போதும் என்று சினிமாவை விட்டுவிட்டார்.

நான் இந்த இழையைத் தொடங்கியது அதற்குப் பிறகு நடந்த ஒன்றுக்காக. 1967-இல் அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் நின்றார். கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான் மத்தேயோ பகுதியின் 11-வது தொகுதி. அங்கே உறுப்பினராக இருந்த ஆர்தர் யங்கர் இறந்துபோனதால் இடைத்தேர்தல். குடியரசுக் கட்சிக்காரராக நின்றார், தோற்றார். தோற்றதில் வியப்பில்லை. தோற்ற விதம்தான் இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. அது ஒரு திறந்த பிரைமரி. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

முடிவு இப்படி வந்தது. பீட் மெக்ளாஸ்கி, குடியரசுக் கட்சி, 52,882 வாக்கு. ஷெர்லி டெம்பிள் பிளாக், அதே கட்சி, 34,521 வாக்கு. நான்காவதாக வந்தவர் ராய் ஆர்ச்சிபால்ட், ஜனநாயகக் கட்சி, 15,069 வாக்கு. இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் மெக்ளாஸ்கியும் ஆர்ச்சிபால்டும். இரண்டாவதாக வந்தவர் வீட்டுக்குப் போனார், நான்காவதாக வந்தவர் இறுதிக்குப் போனார்.

இது நியாயமா? தெரிந்தவர்கள் பேசுங்கள்.


தென்னங்கீற்று:

அக்கா, எனக்கு அடிப்படையே புரியவில்லை, கோபித்துக்கொள்ளாமல் விளக்குங்கள். நம் ஊரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். நேர்காணல் நடக்கும், விருப்ப மனு வாங்குவார்கள், கடைசியில் பட்டியல் ஒருநாள் இரவில் வரும். அங்கே வேட்பாளரை முடிவு செய்யவே ஒரு தேர்தலா? அதில் எதிர்க்கட்சிக்காரனும் வாக்குப் போடலாமா?


சான்மத்தேயோவாசி:

தம்பி, நான் சொல்கிறேன். ஷெர்லி டெம்பிள் நின்ற பகுதியில்தான் 19 வருடமாக இருக்கிறேன். அவர் வாழ்ந்த வுட்சைட் ஊர் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். குதிரைலாயங்களும் ரெட்வுட் மரங்களும் நிறைந்த அமைதியான மலையடிவாரம். இங்கே வந்தால் கட்டாயம் கூட்டிப்போகிறேன்.

பிரைமரி என்பது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று. தலைவர்கள் மூடிய அறையில் ஆளை முடிவு செய்வதை ஒழிக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் இதற்காகப் போராடி, 1906-இல் அங்கே மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்தது. யாருக்கு வாக்குரிமை என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

மூடிய பிரைமரி என்றால் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டும். வழக்கமான திறந்த பிரைமரி என்றால் கட்சிப் பதிவு தேவையில்லை, அன்றைக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றை மட்டும். விஸ்கான்சினில் இன்றும் அப்படித்தான். வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயரே கிடையாது.

எங்கள் ஊர் முறை இன்னொன்று. 2010 ஜூனில் 14-வது முன்மொழிவு என்று மக்களிடமே கேட்டார்கள், நிறைவேறியது. 2012 முதல் எல்லாரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள். முதல் இரண்டு இடத்தில் யார் வந்தாலும் நவம்பருக்குப் போவார்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும் சரி. இதை டாப் டூ என்பார்கள். அதிபர் தேர்தலுக்கு மட்டும் இது பொருந்தாது.

நான் கட்சி விருப்பம் இல்லை என்று பதிவு செய்தவன். சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒரு மணி நேரம் பேசி, ஆளுக்கு ஆள் வேறு வேறு பெயரைக் கறுப்பாக்குவோம். ஒரு கட்சியில் சேராமலே முதல் சுற்றில் எனக்கும் குரல் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். குடியுரிமை வாங்கி முதன்முதலில் அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபோது எழுத்து மங்கிவிட்டது, கண் கலங்கியதால்.


கணக்குவாத்தியார்:

படப்பெட்டி அம்மா கேட்டதற்கு வருகிறேன்.

1967-இல் இருந்த விதி இரண்டு யோசனைகளின் கலவை. முதல் சுற்றில் எல்லாரும் ஒரே சீட்டில். பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால், ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு வாங்கியவர் இறுதிக்குப் போவார். அதாவது வாக்குப் போடும்போது கட்சி வேலி இல்லை, எண்ணும்போது வேலி வந்துவிடுகிறது. மெக்ளாஸ்கிக்கு 34 சதவீதம், ஷெர்லிக்கு 22 சதவீதம், ஆர்ச்சிபால்டுக்கு 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. இன்றைய டாப் டூ விதி அன்று இருந்திருந்தால் இறுதியில் மெக்ளாஸ்கியும் ஷெர்லியும் மோதியிருப்பார்கள்.

ஜெயித்திருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தேர்தலின் மையம் வியட்நாம் போர். ஷெர்லி போரை ஆதரித்தார், இன்னும் உறுதியாக நடத்த வேண்டும் என்றார். மெக்ளாஸ்கி கொரியப் போரில் கடற்படைச் சிலுவை என்ற வீரப் பதக்கம் வாங்கிய மரைன் வீரர், அவர்தான் போரை எதிர்த்தார். இருவர் மட்டும் நின்றால் ஜனநாயகக் கட்சி வாக்கு எங்கே போகும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் மெக்ளாஸ்கிக்குத்தான்.

ஆனாலும் அந்த மோதல் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. போரை ஆதரிக்கும் ஒருவரும் எதிர்க்கும் ஒருவரும் நேருக்கு நேர் நின்று ஒரு மாதம் பேசியிருப்பார்கள். 1967-இன் கடைசியில் அந்த நாடு பேச வேண்டியிருந்த பேச்சு அது ஒன்றுதான். விதி அதைத் தடுத்துவிட்டது.


படப்பெட்டி:

வாத்தியார் சார், நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் தெளிவாகிறது. நான் ஷெர்லியின் பக்கம் நின்று கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தொகுதியில் நான் இருந்திருந்தால் மெக்ளாஸ்கிக்குத்தான் போட்டிருப்பேன். போர் விஷயத்தில் ஷெர்லி சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து அதே படிக்கட்டு நடனத்தை மறுபடி பார்த்து அழுதிருப்பேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும். அந்த 52,882 பேரில் எத்தனை பேர் சின்ன வயதில் அவர் படத்துக்கு வரிசையில் நின்றிருப்பார்கள்! அன்பு அப்படியே இருக்க, வாக்கை வேறு இடத்தில் போட்டார்கள். இதைத்தான் நான் வியக்கிறேன்.

பிரச்சாரத்தில் அவருக்கு இருந்த பெரிய தொல்லையே அந்தக் குழந்தைதான். போகுமிடமெல்லாம் அந்த லாலிபாப் பாட்டு. சின்ன ஷெர்லி தேர்தலில் நிற்கவில்லை, நிற்பது நான் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. 39 வயது, மூன்று பிள்ளைகளின் தாய். தண்டுவட மரப்பு நோயால் வாடிய அண்ணனுக்காக அந்த நோய்க்கான அமைப்புகளில் உழைத்தவர். ஆனால் ஊர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஆறு வயதுக் குழந்தையைத் தேடியது.

இன்னொரு எண்ணும் சொல்லிவிடுகிறேன். இறுதிச் சுற்றில் மெக்ளாஸ்கி 63,850, ஆர்ச்சிபால்ட் 43,759. சீட்டில் ஷெர்லியின் பெயரே இல்லை. அப்படியும் 938 பேர் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தோற்றுவிட்டார் என்று தெரியும், எண்ணிக்கை மாறாது என்று தெரியும். வாக்குச்சாவடிக்கு வந்து, பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த 938 பேரைப் பற்றி யாராவது ஒரு சிறுகதை எழுத வேண்டும்.


குளிர்கோட்டு:

நான் நியூயார்க்கில் இருக்கிறேன். இதே கேள்வியை நான் 2018-இல் நேரில் பார்த்தேன், வேறு ஒரு நடிகை மூலம்.

சிந்தியா நிக்சனை எல்லாரும் டிவி தொடரால்தான் அறிவார்கள். என் மனதில் இருப்பவர் 'எ கொயட் பேஷன்' படத்தில் கவிஞர் எமிலி டிக்கின்சனாக வந்தவர். டெரன்ஸ் டேவிஸ் இயக்கிய படம். முகத்தில் ஒரு தசை அசையாமல், உள்ளே ஒரு மனுஷி உடைவதைக் காட்டுவார். நோய் வந்து உடல் உதறும் காட்சிகளில் எனக்கு மூச்சு நின்றது. அந்த ஒரு படத்துக்காகவே அவர் மேல் ஆயுளுக்கும் மரியாதை.

2018 மார்ச்சில் அவர் கவர்னர் பதவிக்கு, பதவியில் இருந்த ஆண்ட்ரூ குவோமோவை எதிர்த்து, ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நிற்பதாக அறிவித்தார். நியூயார்க் பிரைமரி இறுக மூடியது. வேறு கட்சியிலோ கட்சியில்லாமலோ பதிவு செய்திருந்தவர் ஜனநாயகக் கட்சிக்கு மாறி அந்தச் செப்டம்பர் பிரைமரியில் வாக்குப் போட வேண்டுமானால், முந்தைய ஆண்டு அக்டோபருக்குள்ளேயே மாறியிருக்க வேண்டும். அதாவது அவர் நிற்கிறார் என்று மக்களுக்குத் தெரியும் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது! நான் அப்போது எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவள். பள்ளிக்கூடப் பிரச்சினைகளைப் பற்றி வருடக்கணக்கில் பேசி வந்த ஒரு அம்மா அவர், அதனால் எனக்கு ஆசை. ஆனால் வாக்கு இல்லை.

அவர் 34 சதவீதம் வாங்கித் தோற்றார். கதவு திறந்திருந்தாலும் குவோமோதான் ஜெயித்திருப்பார், வித்தியாசம் அவ்வளவு பெரிது. என் வருத்தம் முடிவைப் பற்றியது இல்லை. ஆள் யாரென்று தெரிந்த பிறகு மனதை முடிவு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிற்பாடு அந்தக் கெடுவைத் தளர்த்தினார்கள். சந்தோஷம்.


வரலாற்றுப்பித்தன்:

இந்த இழைக்காக வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஷெர்லி தோற்றதை அந்தக் காலக் கலிஃபோர்னியாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964-இல் ஜார்ஜ் மர்ஃபி என்ற நடன நடிகர் செனட்டரானார். 1938-இல் 'லிட்டில் மிஸ் பிராட்வே' படத்தில் ஷெர்லியோடு ஆடியவர் அவர்தான். 1966-இல் ரொனால்டு ரீகன் கவர்னரானார். 1947-இல் 'தட் ஹேகன் கேர்ல்' படத்தில் ஷெர்லிக்கு ஜோடி. கூட நடித்த இருவரும் அடுத்தடுத்து ஜெயித்துவிட்டார்கள், அவர்கள் இருவரையும்விடப் பல மடங்கு புகழ்பெற்ற ஷெர்லி அடுத்த ஆண்டே தோற்கிறார். ஒரு பெண், அதுவும் ஊர் இன்னமும் குழந்தையாகவே பார்க்கும் பெண் என்பது ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். மர்ஃபியும் ரீகனும் தாண்டி வந்தது சொந்தக் கட்சிக்காரர்கள் மட்டுமே வாக்களித்த பிரைமரி. கொள்கைப் பிடிப்புள்ள தொண்டர்கள் அதிகம் வரும் இடம். ஷெர்லி நின்றது எல்லாருக்கும் திறந்த சீட்டில். அங்கே போர் வேண்டாம் என்ற மாற்றுக் கட்சிக்காரனும் நுழைந்து மெக்ளாஸ்கிக்குப் போட முடிந்தது.

இதையெல்லாம் விடப் பழைய கதை ஒன்று உண்டு. ஹெலன் ககேகன் டக்ளஸ். பிராட்வேயில் கொடிகட்டிப் பறந்தவர், ஐரோப்பாவில் ஆபெரா பாடியவர். ஹாலிவுட்டில் ஒரே ஒரு படம், 1935-இல் வந்த 'ஷீ'. அதில் சாவில்லாத அரசியாக வருவார். அந்த நிமிர்ந்த நடையையும் கனத்த குரலையும் கேட்டால் ஏன் இரண்டாவது படம் வரவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். 1944-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி மூன்று முறை இருந்தார்.

அப்போது கலிஃபோர்னியாவில் குறுக்கு மனு என்று ஒரு வழக்கம். ஒருவரே இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் பெயர் கொடுக்கலாம். கட்சிகளின் பிடியை உடைக்க 1913-இல் கொண்டுவந்த சீர்திருத்தம். பல ஆண்டுகள் சீட்டில் வேட்பாளர் எந்தக் கட்சி என்றுகூடப் போடமாட்டார்கள். 1946-இல் ஏர்ல் வாரன் கவர்னர் தேர்தலில் இரண்டு கட்சிகளின் வேட்பாளராகவும் வந்துவிட்டார், பிரைமரியிலேயே கதை முடிந்தது. 1950 செனட் தேர்தலில் ஹெலன் ஒரு பக்கம், ரிச்சர்ட் நிக்சன் மறுபக்கம், இருவருமே இரு கட்சிகளிலும் மனு போட்டார்கள். ஹெலனைக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று முதலில் முத்திரை குத்தியது அவருடைய சொந்தக் கட்சி பிரைமரிப் போட்டியாளர்கள்தான். நிக்சன் அதையே எடுத்து, அவர் சபையில் போட்ட வாக்குகளை இளஞ்சிவப்புக் காகிதத்தில் அச்சடித்து மாநிலமெங்கும் கொடுத்தார். ஹெலன் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். 1959-இல் குறுக்கு மனுவை ஒழித்தார்கள்.

நான் சொல்லவருவது இதுதான். கதவைத் திறந்துவிட்டால் நல்லது மட்டும் நுழையும் என்று நம்பாதீர்கள். ஹெலனின் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.


களத்தொண்டன்:

எல்லாரும் திறந்த கதவைப் பாராட்டுகிறீர்கள். நான் எந்த நாட்டுக் கட்சிக்காகவும் பேசவில்லை, ஆனால் ஒரு கட்சிக்காக 22 வருடம் போஸ்டர் ஒட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

கட்சி என்பது ஒரு கருத்தை நம்பும் ஆட்கள் சேர்ந்து கட்டிய வீடு. அந்த வீட்டுக்கு யார் தலைமை என்பதை வீட்டில் இருப்பவர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்? 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் 198-வது முன்மொழிவை நிறைவேற்றி, யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கினார்கள். கட்சிகள் வழக்குப் போட்டன. 2000-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்த முன்மொழிவைச் செல்லாததாக்கியது. கட்சிக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டு, வெளியாரை வேட்பாளர் தேர்வில் திணிக்க முடியாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது.

வெயிலில் நின்று வேலை செய்தவனுக்கு ஒரு வாக்கு, அன்று காலை வழியே போனவனுக்கும் ஒரு வாக்கு என்றால், தொண்டன் என்று ஒருவன் எதற்கு? கோபமாக எழுதுகிறேன் என்றால் மன்னியுங்கள், இது எனக்கு நெருக்கமான விஷயம்.


சான்மத்தேயோவாசி:

தொண்டரே, உங்கள் கோபம் நியாயமானது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் டாப் டூ வந்தது. அதில் கட்சி வேட்பாளர் என்று யாருமே கிடையாது. தன் கட்சி விருப்பத்தை வேட்பாளர் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். கட்சியின் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை, தெருவில் ஒரு பொதுப் பந்தல் போட்டிருக்கிறோம். வாஷிங்டன் மாநிலத்தில் இதே மாதிரி முறையை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு நடிகர் தொடர்பும் இருக்கிறது. 2003-இல் கவர்னரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் 135 பேர் ஒரே சீட்டில் நின்றார்கள், ஆர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் ஜெயித்தார். அவர் மூடிய பிரைமரி எதையும் தாண்டி வரவேண்டியிருக்கவில்லை. 2010-இல் டாப் டூவுக்காக முன்நின்று பேசியதும் அவரே. வரலாற்றுப்பித்தன் சொன்ன கணக்குக்கு இது மறுபக்கம், திறந்த சீட்டில் நட்சத்திரம் ஜெயித்த கதை.

டாப் டூவில் குறை இல்லையா என்றால், நிறைய உண்டு. முதல் ஆண்டே, 2012-இல், 31-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான இடத்தில் அந்தக் கட்சியின் நான்கு பேர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் இறுதிக்குப் போனார்கள். தொகுதியில் பல பேர் நவம்பரில் யாருக்குப் போடுவது என்று விழித்துக்கொண்டு நின்றார்கள். 2024 மார்ச்சில் செனட் பிரைமரியில் ஆடம் ஷிஃப், குடியரசுக் கட்சியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வி எவ்வளவு பெரிய பழமைவாதி என்று விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார். அதனால் கார்விக்கு அவர் கட்சி வாக்குகள் திரண்டன, ஷிஃபுக்குச் சவாலாக இருந்த சொந்தக் கட்சி கேட்டி போர்ட்டர் மூன்றாவதானார். எனக்கு அது கசந்தது. இன்றும் கசக்கிறது.

ஆனால் 2016-ஐயும் நினைக்கிறேன். செனட் இறுதிச் சுற்றில் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும், இருவரும் ஜனநாயகக் கட்சி. மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள குடும்பத்துப் பெண் அந்தச் சீட்டில். பழைய முறையாக இருந்தால் ஜூனிலேயே அந்தப் போட்டி ஒரு கட்சிக்குள் முடிந்திருக்கும். நவம்பரில் எல்லாருமாக, குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்கள் பகுதியிலேயே 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். 16-வது தொகுதி. முதலிடம் சாம் லிக்கார்டோ. இரண்டாம் இடத்துக்கு ஈவன் லோவும் ஜோ சிமிட்டியனும், ஆளுக்கு 30,249 வாக்கு. ஒரு வாக்குகூட வித்தியாசம் இல்லை! சட்டப்படி மூன்று பேரும் நவம்பருக்குப் போக வேண்டும். மறு எண்ணிக்கை கேட்டார்கள், கடைசியில் லோ ஐந்து வாக்கில் முந்தினார். என் மனைவி ஒருவருக்கும் நான் இன்னொருவருக்கும் போட்டிருந்தோம். அந்த ஏப்ரல் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.


கணக்குவாத்தியார்:

இரண்டு என்ற எண்தான் சிக்கல். முதல் இரண்டு என்று வைத்தால் வாக்குப் பிரிவதே முடிவை ஆள்கிறது. அலாஸ்காவில் 2020-இல் மக்கள் வேறு வழி எடுத்தார்கள். திறந்த பிரைமரியில் முதல் நால்வர் போவார்கள், நவம்பரில் வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையிடுவார். 2022-இல் முதன்முறை நடந்தது. 2024-இல் அதை ஒழிக்க முயன்றார்கள், மயிரிழையில் தப்பியது. அதே நாளில் நெவாடா, ஐடஹோ, கொலராடோ, தெற்கு டகோட்டா மாநிலங்களில் திறந்த பிரைமரி முன்மொழிவுகள் தோற்றன. 1970-களிலிருந்து எல்லாரும் ஒரே சீட்டில் நின்ற லூசியானாவும் காங்கிரஸ் தேர்தலுக்கு மூடிய பிரைமரிக்குத் திரும்பச் சட்டம் போட்டுவிட்டது. காற்று இப்போது எதிர்ப்பக்கம் வீசுகிறது.

அலாஸ்கா முறையை 1967-இல் வைத்துப் பார்த்தேன். மெக்ளாஸ்கி, ஷெர்லி, மூன்றாவதாக வந்தவர், ஆர்ச்சிபால்ட், நால்வரும் இறுதிக்குப் போயிருப்பார்கள். படப்பெட்டி அம்மாவின் முதல் கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை இதுதான். யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். அந்த 938 பேரும் சீட்டிலேயே முதல் எண்ணை எழுதியிருக்கலாம்.


படப்பெட்டி:

வாத்தியார் சார், கடைசி வரியைப் படித்து எழுந்து போய் முகம் கழுவி வந்தேன்.

களத்தொண்டன் ஐயா சொன்னதையும் இரவெல்லாம் யோசித்தேன். தொண்டனுக்கு அதிக உரிமை வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் இடைத்தேர்தலில் ஜெயிப்பவர் கட்சிக்கு மட்டும் உறுப்பினர் இல்லையே, குளிர்கோட்டு மாதிரி எந்தக் கட்சியிலும் இல்லாத ஒருவருக்கும் அவர்தான் உறுப்பினர். அதனால் என் மனம் திறந்த பக்கமே நிற்கிறது, ஹெலனின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகும். நான்கு பேர் போகும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஷெர்லி அந்தத் தோல்வியோடு ஒதுங்கிவிடவில்லை, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1968 ஆகஸ்டில், முன்பு சொன்ன தண்டுவட மரப்பு நோய் அமைப்பின் வேலையாகப் பிராகுக்குப் போயிருந்தார். சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது நகரத்திலேயே இருந்தார். 1969-இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கக் குழுவில் போனார். 1972-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்ததும், மருத்துவமனையிலிருந்தே அதை வெளிப்படையாகச் சொன்னார், பெண்களே பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். அந்த வார்த்தையையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம். 1974-இல் கானாவுக்குத் தூதர். 1989-இல் செக்கோஸ்லோவாகியாவுக்குத் தூதராக, டாங்கிகளைப் பார்த்த அதே பிராகுக்கு. அந்த ஆண்டு நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததையும் அங்கிருந்தே பார்த்தார். 2014 பிப்ரவரியில், 85 வயதில், வுட்சைட் வீட்டில் காலமானார்.

மெக்ளாஸ்கியும் சும்மா இருக்கவில்லை. 1972-இல் போரை எதிர்த்து, அதிபராக இருந்த நிக்சனையே சொந்தக் கட்சி பிரைமரியில் எதிர்த்து நின்றார். சான் மத்தேயோ வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தது சரியான ஆளைத்தான்.


களத்தொண்டன்:

அம்மா, நீங்கள் சொன்னதில் உறுப்பினர் எல்லாருக்கும் பொது என்ற இடத்தில் எனக்குப் பதில் இல்லை. கட்சி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இடைத்தேர்தலுக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.


தென்னங்கீற்று:

எனக்குப் பாடமே நடத்திவிட்டீர்கள் எல்லாரும். அக்கா, என் மகளுக்கு ஏழு வயது. பரதம் கற்கிறாள், இப்போதுதான் அடவு. எந்தப் படத்திலிருந்து தொடங்கட்டும்?


படப்பெட்டி:

'தி லிட்டில் கர்னல்' படத்தின் படிக்கட்டுக் காட்சியை மட்டும் முதலில் காட்டுங்கள், முழுப் படம் வேண்டாம். படத்தில் அந்தக் காலத்துக் கறுப்பின வேலைக்காரர்களின் வாழ்க்கையை இனிப்பாகக் காட்டும் இடங்கள் உண்டு, அதைக் குழந்தைக்கு விளக்க வேண்டியிருக்கும். பிறகு 'வீ வில்லி விங்கி', ஜான் ஃபோர்டு இயக்கியது, 1937. நம் வடமேற்கு எல்லையில் நடக்கும் கதை, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பார்வையில் எடுத்தது, அதையும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஆனால் சாகக்கிடக்கும் சார்ஜெண்ட் முன்னால் அந்தக் குழந்தை பாடும் இடம் வரும்போது எதுவும் பேசாதீர்கள்.


சான்மத்தேயோவாசி:

ஞாயிற்றுக்கிழமை வுட்சைட் பக்கம் நடக்கப் போகிறேன். படம் எடுத்து இங்கே போடுகிறேன், அக்கா.